மேஜையில் கிடந்த ஆய்வேடும் கட்டுமாவடி மீன் வண்டியும்

அறந்தாங்கிக்கு நான் போனது ஒரு பெண்மணியைக் கேள்வி கேட்பதற்கு. கோயில் பார்க்க அல்ல, சொந்தம் தேடவும் அல்ல. ஈப்போவில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தித் தலை நரைத்தவன் நான். அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே வேலை பார்த்துக்கொண்டே சித்ரா என்பவர் ஒன்பது வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்திருந்தார். அந்த ஆய்வேட்டைப் படித்துவிட்டு, வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்கும் வெளிநாட்டுத் தேர்வாளர் வேலை எனக்கு.

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வேடு என் மேஜையில் பத்து மாதம் கிடந்தது. இரண்டு மாதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, நினைவூட்டிய கடிதங்களுக்குப் பதிலும் போடாமல் இருந்துவிட்டேன். கடைசியில் ஒரு நாள் மனசு உறுத்தி, மூன்றே நாளில் படித்து அறிக்கையை அனுப்பினேன். கேள்வியை இணையம் வழியாகவே கேட்டிருக்கலாம். நேரிலேயே வருகிறேன் என்று நானாகச் சொன்னேன். தமிழ்நாட்டைப் பார்த்து நாளாயிற்று என்று மனைவியிடம் காரணம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஆராய்ச்சி எதைப் பற்றி என்று சொல்லாவிட்டால் மேலே போக முடியாது. நீங்கள் கைப்பேசியில் படம் பார்க்கும்போது அது கண்ணாடி இழைக்குள் வெளிச்சமாக ஓடி வருகிறது. வழி நெடுக சந்திகள் உண்டு. சந்தியில் எதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் எங்கள் ஆட்களின் சண்டையெல்லாம். ஒரு முறை, இந்த ஊரிலிருந்து அந்த ஊர் வரை பாதையையே ஒருவருக்கு ஒதுக்கிவிடுவது. அவர் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் பாதை அவருடையது. இன்னொரு முறை, சரக்கைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி, ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்தி முகவரி படித்து அனுப்புவது. ஆனால் வெளிச்சத்தை நிறுத்திவைக்கக் கிடங்கு கிடையாது. அதை மின்சாரமாக மாற்றி, படித்து, திரும்ப வெளிச்சமாக்க வேண்டும். அதற்குச் செலவும் ஆகும், நேரமும் ஆகும்.

மூன்றாவது முறைதான் சித்ராவுடையது. ஒரே ஊருக்குப் போவதை எல்லாம் சேர்த்து ஒரு லோடாகக் கட்டுவது. ‘இவ்வளவு லோடு வருகிறது, இன்ன நேரத்துக்கு வழி விடு’ என்று ஒரு சின்னத் தகவலை முன்னால் ஓடவிடுவது. பதிலுக்குக் காத்திராமல் லோடைப் பின்னாலேயே அனுப்பிவிடுவது. சந்தியில் இடம் இருந்தால் நிற்காமல் போய்விடும். இடம் இல்லையென்றால் அந்த லோடு போச்சு, திரும்ப அனுப்ப வேண்டியதுதான். நானும் எட்டு வருஷம் இந்த முறையைக் கட்டிக்கொண்டு அழுதவன். கருவி செய்கிறவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். எங்களைப் போல ஆங்காங்கே சிலர் மட்டும் விடாப்பிடியாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வியாழக்கிழமை மத்தியானம் அறந்தாங்கி வந்து சேர்ந்தேன். சித்ராவின் நெறியாளர் பேராசிரியர் சண்முகம் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். மனிதர் பேச்சிலும் உபசாரத்திலும் குறை வைக்கவில்லை. இலையில் நண்டு மசாலாவும் இறால் தொக்கும் வந்துகொண்டே இருந்தன. நான் இலையைக் கையால் மறைத்தால் விரலுக்கு நடுவே போட்டார் அவர் மனைவி. ரசத்துக்கு வரும்போது சண்முகம் குரலைத் தாழ்த்தினார்.

“சார், நாளைக்குப் பத்து மணிக்கு வைவா. நாளையோட அந்தப் பொண்ணுக்குப் பதிவு முடியுது. நீட்டிப்பு ரெண்டு தடவ வாங்கியாச்சு, இனிமே குடுக்க மாட்டாங்க. நாளைக்கு நடக்கலைன்னா ஒம்பது வருசமும் வீண், மொதல்லேருந்து பதியணும்.”

என்னால்தானா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். விடுதிக்குத் திரும்பும்போது எனக்கு என்மீதே எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் கடைத்தெருவில் நடந்தேன். அரபு நாட்டுக்கு ஆள் அனுப்ப, அங்கிருந்து பணம் வாங்க, விசா எடுக்க, மருத்துவச் சோதனை செய்ய என்று வரிசையாகப் பலகைகள். டீக்கடையில் ஒருவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, “சார் சிங்கப்பூருங்களா?” என்றார். மலேசியா என்றேன். “ஒண்ணுதாங்க. பூர்வீகம் எந்தப் பக்கம்?” தெரியாது என்றேன். அவருக்கு என்மேல் பெரிய பரிதாபம் வந்து, டீக்குக் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். எங்கள் ஊர் டீயில் டின் பாலை ஊற்றி இழுத்து இழுத்து ஆற்றுவார்கள். இங்கே இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். எது நல்ல டீ என்று யாராவது கேட்டால், ஈப்போவுக்குப் போன பிறகுதான் பதில் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை காலையில்தான் என் புத்தி கெட்டது. ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. தேர்வு பத்து மணிக்கு. கட்டுமாவடிக்குப் பஸ் இருக்கிறது, கடலைப் பார்த்துவிட்டு எட்டரைக்குள் திரும்பிவிடலாம் என்று விடுதிக்காரர் சொன்னார். ஏறி உட்கார்ந்துவிட்டேன். கட்டுமாவடியில் அலையே இல்லாத கடல், குளம் மாதிரி கிடந்தது. கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கத்திய கத்தலில் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஒரு வடை, ஒரு டீ, நாலு படம். சந்தோஷமாகத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன்.

பாதி வழியில், நாகுடி வருவதற்கு முன்பே பஸ் ஒரு பெரிய பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். நடத்துனர் இறங்கிப் பார்த்தார். அப்புறம் இருவரும் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்கள்.

“அடுத்த பஸ் எப்பங்க?” என்று நடத்துனரைக் கேட்டேன்.

“வரும் சார்.”

“எப்ப வரும்?”

“அதான் வரும்னு சொல்றேன்ல.”

மணி ஏழு ஐம்பது. பத்து மாதம் காக்கவைத்தது போதாதென்று இப்போது கடல் பார்க்கப் போய் அந்தப் பெண்ணின் தலையில் மண்ணை அள்ளிப் போடப் போகிறேனே என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தேர்வு நேரில்தான் நடக்கும் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிவிட்டார்கள். ரோட்டில் நின்று கைப்பேசியில் கேள்வி கேட்கவும் வழியில்லை. சண்முகத்துக்குப் போன் போட்டேன். அவர் காரோடு புதுக்கோட்டையில் இருந்தார். “அய்யய்யோ” என்றார். “அங்கிட்டே நில்லுங்க சார், எங்கயும் போயிராதீங்க” என்று வைத்துவிட்டார்.

கால் மணி நேரத்தில், கட்டுமாவடிப் பக்கமிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து பக்கத்தில் நின்றது. பின்னால் ஐஸ் தண்ணீர் ஒழுகும் மீன் பெட்டிகள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“மலேசியா சாருங்களா? ஏறுங்க, ஏறுங்க. நான் கருப்பையா. சித்ரா வீட்டுக்காரன்.”

ஏறினேன். சீட்டில் ஒரு துண்டை விரித்துக் கொடுத்தார். ஆனாலும் ஈரம் என் கால்சட்டையில் இறங்கிவிட்டது. பத்து வருஷம் துபாயில் வண்டி ஓட்டியவர், இப்போது கட்டுமாவடியில் மீன் எடுத்து அறந்தாங்கி ஏலக்கடையில் இறக்குகிறார்.

“உங்க மனைவி நல்லாத் தயார் பண்ணியிருக்காங்களா?” என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

“சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. அதப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு வீட்ல சத்தியம் வாங்கியிருக்கு. மீனப் பத்திக் கேளுங்க, எவ்வளவு வேணாலும் பேசுறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு, பாலித்தீன் உறை போட்ட போனை எடுத்தார்.

“அண்ணே, கருப்பையா பேசுறேன். காலையில இருவது பெட்டின்னு சொன்னேன்ல, பன்னெண்டுதான். கடலுக்குப் போன ஒரு வல்லம் வெறுங்கையா வந்துருச்சு. எட்டுப் பெட்டி எடத்த விட்டுட்டேன், ஆருக்காச்சும் குடுத்துருங்க.” அந்தப் பக்கம் பேசுவதற்குள் வைத்துவிட்டார்.

மீனைப் பற்றித்தானே கேட்கச் சொன்னார், கேட்டேன். “காலையிலயே ஒரு போன் போட்டீங்களா?”

“ஆமா சார். வல்லம் கரைய நெருங்குறப்பவே சொல்லிருவாக, இன்னது கெடச்சிருக்குன்னு. ஒடனே ஏலக்கடைக்கு ஒரு போனு. இத்தன பெட்டி, இன்ன நேரம். அங்க எடம் கொஞ்சந்தான். எல்லாரும் ஒரே நேரத்துல கொண்டாந்து எறக்க முடியாதுல்ல.”

“அவர் சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருக்க மாட்டீங்களா?”

“அவரு சரின்னு சொல்ற வரைக்கும் நின்னா ஐஸ் உருகிப் போயிரும் சார். மீன வச்சுக்கிட்டு நிக்க முடியுமா? சொல்லிட்டுக் கெளம்பிற வேண்டியதுதான். எடம் இல்லாட்டி அங்க போயி அவஸ்தப்படுவோம்.”

நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “சரி, குறைஞ்சா எதுக்கு ரெண்டாவது போன்? நீங்க பன்னிரண்டோட போனா அவர் என்ன கேட்கவா போறார்?”

“அவரு கேக்க மாட்டாரு. ஆனா எட்டுப் பெட்டி எடம் சும்மாக் கெடக்கும். இன்னொருத்தன் நண்ட ஏத்திக்கிட்டு, எடம் கெடைக்குமா கெடைக்காதான்னு ரோட்டுல நிப்பான். காலியா இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சரக்கு நாறிப் போயிரும்.”

“சொல்லாம விட்டவங்கள என்ன செய்வீங்க?”

“ஒண்ணும் செய்ய மாட்டாக. மறுநா கடைசி எடம், அம்புட்டுதான். ரெண்டாவது போன் போடாத ஆளுன்னு பேரு வந்துரும். அந்தப் பேரு போறதுக்கு ரொம்ப நாளாகும் சார்.”

வண்டி குலுங்கிக்கொண்டு போனது. இதுதான் ஐயா சித்ராவின் நாலாவது அதிகாரம். லோடு சேர்ந்து முடிவதற்கு முன்பே உத்தேசமாக இடம் கேட்பது, குறைந்தால் இரண்டாவது தகவல் அனுப்பி மிச்ச இடத்தை விட்டுக்கொடுப்பது, விட்டுக்கொடுக்காத கணுவை அடுத்த முறை வரிசையில் பின்னால் தள்ளுவது. கணு என்றால் வலையில் லோடு கட்டி அனுப்புகிற இடம். அறிக்கையில் நான் அந்த அதிகாரத்தைத்தான் வெளுத்து வாங்கியிருந்தேன். “இடம் பிடித்த கணு தானாக முன்வந்து இடத்தை விடும் என்பது ஆதாரமற்ற அனுமானம். எந்தக் கணு இப்படி நடந்துகொள்ளும்?” என்று எழுதியிருந்தேன். எழுதும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டது இப்போது நினைவுக்கு வந்து கூசியது.

ஒன்பதே காலுக்குக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார். “பெட்டிய எறக்கிட்டு வாரேன் சார். பொது மக்களும் உக்காரலாமாமே, கேட்டுக்கிட்டேன்.” நான் கழிவறையில் கால்சட்டையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். மீன் வாடை போகவில்லை.

கருத்தரங்க அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். சித்ராவை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். நீலக் கைத்தறிச் சேலை, ஒல்லியான உடம்பு, கடைசி வரிசைக்கும் கேட்கிற வகுப்பறைக் குரல். நான் உள்ளே வந்ததும் அவர் மூக்கு ஒரு கணம் சுருங்கியது, பிறகு கண்ணில் ஒரு நிம்மதி. முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் விளக்கினார். பாதையைப் பூட்டுவது, பொட்டலம் போடுவது, லோடு கட்டுவது மூன்றையும் அவர் எடுத்து வைத்த தெளிவில் நான் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் முறை வந்தது. நாலாவது அதிகாரத்தைத் திறந்தேன். “இடத்தை விட்டுக்கொடுக்கும் விதி எங்கிருந்து வந்தது?”

“அது ஒரு அனுமானம் சார்,” என்றார்.

“அனுமானம் சரி. எதைப் பார்த்து?”

அவர் சண்முகத்தைப் பார்த்தார். சண்முகம் இருமினார். “கணக்கின் வசதிக்காக சார்,” என்றார் சித்ரா. அவர் முகம் வாடிவிட்டது. இதன் பின்னணி பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆய்வேட்டின் முதல் வரைவில் ஏலக்கடையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஆய்வேட்டில் மீன் நாறினால் வெளிநாட்டுக்காரன் சிரிப்பான் என்று சண்முகம் அவற்றை அடித்துவிட்டார். எனக்குப் பயந்து அடித்ததைத்தான் நான் இல்லையென்று குறை சொல்லியிருக்கிறேன்.

கருப்பையா கதவோரம் வந்து நின்றார். சட்டை மாற்றியிருந்தார். நான் ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டேன்.

“அம்மா, பதற வேண்டாம். நான் இன்னைக்குக் காலையில உங்க வீட்டுக்காரர் வண்டியிலதான் வந்தேன். அவர் ஆராய்ச்சியப் பத்தி ஒரு வார்த்தை பேசலை, சத்தியம். இப்ப நீங்க சொல்லுங்க. இடத்தப் பிடிச்சு வச்சவன் அத எதுக்காக விடணும்? வச்சிருந்தா அவனுக்கு என்ன நஷ்டம்?”

அறையில் யாரோ சிரித்தார்கள். சித்ரா கையிலிருந்த சுட்டும் கோலை மேஜையில் வைத்தார். அவரும் தமிழுக்கு மாறினார்.

“அவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல சார். இடம் தன்கிட்ட இருக்குங்கிற நெனப்புகூட அவங்களுக்கு இருக்காது. பின்னால நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். வராதுன்னு தெரிஞ்சா அவங்க வேற வழி பாத்துக்கிடுவாங்க. வருமா வராதான்னே தெரியாம நின்னா, வேற வழிக்கும் போக முடியாது, திரும்பவும் முடியாது. அதனாலதான் அந்த விதி. எங்க ஊரு ஏலக்கடையில பாத்து எழுதுனது. அதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி, அப்புறம் வெட்டிட்டோம்.”

பிறகு மடமடவென்று ஏலக்கடையைச் சொன்னார், அதிலிருந்து சமன்பாட்டுக்கு வந்தார், விதி இருந்தால் எத்தனை லோடு தப்பும், இல்லாவிட்டால் எத்தனை வீணாகும் என்று பலகையில் போட்டுக் காட்டினார். கணக்கு சரியாக இருந்தது. நான் பாதிதான் கவனித்தேன். பின்னால் நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும் என்றபோதே எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தப் பத்து மாதமும் மேஜையில் கிடந்தது காகிதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“எனக்கு வேறு கேள்வி இல்லை. மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கிறேன். வெட்டிய இரண்டு பக்கத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை,” என்றேன். கையெழுத்துகள் ஆயின. சண்முகம் எழுந்து, “டாக்டர் சித்ரா” என்று முதல் தடவையாக அழைத்தபோது கைதட்டல் எழுந்தது. கருப்பையா கை தட்டவில்லை. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு கதவுக்கு வெளியே போய்விட்டார்.

ஜாங்கிரியும் மிக்சரும் டீயும் வந்தன. நான் தட்டோடு சித்ராவிடம் போனேன். “பத்து மாசம் உங்கள நிக்க வச்சது நான்தான். மன்னிக்கணும்,” என்றேன்.

“பரவாயில்ல சார். நேர்ல வந்தீங்களே, ஆரு வருவா?” என்றார். சற்று நேரம் ஜாங்கிரியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். “முடியாதுன்னு ஒரு வரி போட்டிருந்தீங்கன்னா, வேற ஆளப் பாத்திருப்போம். அவ்வளவுதான் சார்.”

“அப்ப தேர்வுல சொன்ன அந்தப் பதில் எனக்குத்தானா?”

“இல்ல சார், கணுவுக்கு,” என்று சிரித்தார். “பாதி.”

கோபமாகத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு ஜாங்கிரியை என் தட்டில் வைத்துவிட்டார்.

மறுநாள் திருச்சி விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். வீட்டு மேஜையில் இன்னொரு ஆய்வேடு கிடக்கிறது, வேறொரு நாட்டு மாணவருடையது. எட்டு மாதமோ ஒன்பது மாதமோ. என் துறைக்குச் சற்று விலகிய விஷயம், படிக்கப்போவதில்லை என்று எனக்கே எப்போதோ தெரியும். கைப்பேசியை எடுத்து அவருடைய நெறியாளருக்கு எழுதினேன். என்னால் முடியவில்லை, தாமதத்துக்கு வருந்துகிறேன், வேறொருவரைக் கேளுங்கள் என்று மூன்றே வரி. எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று சனிக்கிழமை, அவர்கள் நாட்டில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். திங்கட்கிழமை பார்ப்பார் என்று நினைத்துக் கைப்பேசியைப் பைக்குள் போடப் போனேன். அதற்குள் பதில் வந்துவிட்டது. ‘மிக்க நன்றி ஐயா. இப்போதே என் மாணவரிடம் சொல்கிறேன்.’